சூடேறியதும் சிக்னலில் அணையும் எஞ்சின்: டொயோட்டா 1என்இசட்-எஃப்ஈயில் பி0011, ஒரு நிகழ்வு ஆய்வு

காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, போக்குவரத்தில் கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. சிக்னலில் பிரேக் பிடித்து நின்றதும் ஆர்பிஎம் முள் சட்டென்று சரிகிறது, ஸ்டியரிங் வரை நடுக்கம் வருகிறது, சில நேரம் எஞ்சின் அணைந்தே போகிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. வேகமாக ஓடும்போது பெரிய குறை தெரிவதில்லை. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரை மாட்டினால் பி0011 என்ற கோளாறுக் குறியீடு (மெக்கானிக் பேச்சில் ‘கோடு’) வருகிறது.

இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது எண் பலகை போட்ட ஒரு தனி வண்டி அல்ல. டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்ஈ எஞ்சினில் திரும்பத் திரும்ப இதே உருவில் வரும் கோளாறு. 1497 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, டைமிங் செயின் கொண்ட எஞ்சின் இது. அலியன், பிரீமியோ, ஆக்ஸியோ, புரோபொக்ஸ், விட்ஸ் எனப் பல வண்டிகளில் இருப்பதும் இதுதான். ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளாக இறக்குமதியாகி இலங்கைச் சாலைகளில் ஏராளமாக ஓடுவதால் அங்கே மெக்கானிக்குகளின் கைக்கு நன்கு பழகியது. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை (வால்வு டைமிங்) மாற்றும் அமைப்பு, காற்றை உள்ளே விடும் வால்வுகளை இயக்கும் தண்டான இன்டேக் கேமில் மட்டும்தான் உண்டு. அதனால் இந்தத் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய எஞ்சின் கிடைப்பது அரிது.

பெரும்பாலான இடங்களில் இந்தக் குறியீட்டைப் பார்த்ததும், இந்த அமைப்புக்கு ஆயிலைத் திருப்பிவிடும் ஆயில் கன்ட்ரோல் வால்வை மாற்றிவிடுகிறார்கள். சில வண்டிகளில் சரியாகிறது. சிலவற்றில் கொஞ்ச நாளில் அதே கோடு திரும்பி வருகிறது. காரணம் எளிது. எந்த உதிரிபாகம் கெட்டது என்று பி0011 சொல்வதே இல்லை. இன்டேக் கேம் இருக்க வேண்டிய கோணத்தைவிட முன்னே நிற்கிறது, பின்னுக்கு வரச் சொன்னாலும் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் வரவில்லை என்பதை ஆயில் போகும் வழியெல்லாம் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோணங்களின் கணக்கு

பிஸ்டன் மேலே உச்சத்தைத் தொடும் புள்ளி டிடிசி, கீழே அடியைத் தொடும் புள்ளி பிடிசி. எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு இந்த எஞ்சினில் பிடிசிக்கு 42 டிகிரி முன்பு திறந்து, டிடிசிக்கு 2 டிகிரி பின்பு மூடும். அது என்றும் மாறாது. இன்டேக் வால்வு திறந்திருக்கும் அளவும் மாறாது, எப்போதும் 225 டிகிரிதான். மாறுவது அந்த 225 டிகிரி எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமே.

கேமைப் பின்னுக்குத் தள்ளுவது ரிட்டார்ட், முன்னுக்குத் தள்ளுவது அட்வான்ஸ். முழு ரிட்டார்டில் இன்டேக் வால்வு டிடிசி தாண்டி 7 டிகிரியில் திறந்து, பிடிசி தாண்டி 52 டிகிரியில் மூடுகிறது. முழு அட்வான்ஸில் டிடிசிக்கு 33 டிகிரி முன்பே திறந்து, பிடிசி தாண்டி 12 டிகிரியிலேயே மூடிவிடுகிறது. இடையில் உள்ள வீச்சு 40 டிகிரி. இவையெல்லாம் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் டிகிரிகள். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுவதால் கேம் உண்மையில் திரும்புவது 20 டிகிரிதான்.

வால்வு எப்போது மூடுகிறது என்பதில்தான் இழுவை இருக்கிறது. பிடிசி தாண்டி 52 டிகிரிக்குள் பிஸ்டன் கீழிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் மேலேறிவிடும். மொத்த ஸ்ட்ரோக் 84.7 மில்லிமீட்டர். 12 டிகிரியில் மூடினால் அது 1 மில்லிமீட்டர்கூட ஏறியிருக்காது. 6000 ஆர்பிஎம்மில் அந்த 52 டிகிரி கடக்க ஒன்றரை மில்லி விநாடிகூட ஆகாது. வேகமாக உள்ளே பாயும் காற்று அந்த நேரத்துக்குள் திரும்பாது, பிஸ்டன் மேலே வரும்போதும் தன் வேகத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறும். எனவே மேல் வேகத்தில் தாமதமாக மூடுவது லாபம். 1500 ஆர்பிஎம்மில் அதே 52 டிகிரிக்கு ஏறக்குறைய ஆறு மில்லி விநாடி பிடிக்கும். காற்றுக்கு அவ்வளவு வேகமும் இருக்காது. பிஸ்டன் அதைப் பிடித்து மறுபடி இன்டேக் குழாய்க்கே தள்ளிவிடும். அந்த வேகத்தில் மிதி அழுத்தினால் பிக்கப் வேண்டுமென்றால் சீக்கிரம் மூட வேண்டும், அதாவது அட்வான்ஸ் ஆக வேண்டும். நிலையான கேம் உள்ள எஞ்சினில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்தே தீர வேண்டியிருந்தது.

திறக்கும் பக்கத்துக் கணக்கு வேறு. முழு அட்வான்ஸில் இன்டேக் 33 டிகிரி முன்பே திறக்க, எக்ஸாஸ்ட் 2 டிகிரி தாண்டி மூடுகிறது. ஆக 35 டிகிரி தூரத்துக்கு இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. இதுதான் ஓவர்லேப். சாலையில் மிதமான சுமையோடு ஓடும்போது இது நல்லது. எரிந்த வாயுவில் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கி எரிவெப்பத்தைக் குறைக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது, பிஸ்டன் காற்றை இழுக்க வீணாக்கும் சக்தியும் குறைகிறது. முழு ரிட்டார்டிலோ எக்ஸாஸ்ட் மூடி 5 டிகிரி கழிந்த பிறகுதான் இன்டேக் திறக்கிறது. ஓவர்லேப் அறவே இல்லை.

இனி ஐட்லிங்கில், அதாவது மிதியில் கால் வைக்காமல் எஞ்சின் ஓடும்போது, 35 டிகிரி ஓவர்லேப்பை வைத்துப் பாருங்கள். காற்றை அளந்துவிடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது, சிலிண்டருக்குக் காற்று வரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிட அழுத்தம் அதிகம். இரண்டு வால்வும் திறந்ததும் எரிந்த வாயு பின்னோக்கி உள்ளே இழுக்கப்படும். ஐட்லிங்குக்கு வரும் சிறிதளவு காற்றில் பெரும் பங்கு கழிவு வாயுவாகிவிட்டால் எரிதல் தடுமாறும், எஞ்சின் நடுங்கும், அணையும். சிக்னலில் வண்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். ஓடும்போது தெரியாமல் போவதற்கும் இதே காரணம்தான்: அந்த நேரத்தில் அட்வான்ஸ்தான் வேண்டியது.

கேமைத் திருப்புவது யார்

இன்டேக் கேமின் முனையில் இருக்கும் ஸ்ப்ராக்கெட் இரண்டு பகுதியாக ஆனது. செயின் சுற்றுவது வெளிக்கூட்டை. உள்ளே இருக்கும் நான்கு இதழ் வேன் கேம் ஷாஃப்ட்டோடு போல்ட் போடப்பட்டிருக்கிறது. கூட்டுக்கும் வேனுக்கும் இடையே ஒவ்வொரு இதழின் இரு பக்கமும் ஆயில் அறைகள். ஒரு பக்க அறைக்கு ஆயில் அழுத்தம் போனால் கேம் அட்வான்ஸ், மறு பக்கம் போனால் ரிட்டார்ட். இரண்டையும் அடைத்துவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

எந்த அறைக்கு ஆயில் என்று முடிவு செய்வது ஆயில் கன்ட்ரோல் வால்வு. மின்சாரத்தில் இழுக்கும் ஒரு சோலினாய்டு, அதன் முனையில் ஆயில் வழிகளைத் திறந்து மூடும் ஸ்பூல் என்ற சிறு உருளை, அதை எதிர்ப்பக்கம் தள்ளும் ஸ்பிரிங், அவ்வளவே. எஞ்சினின் கணினியான இசியு மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிறது. கொடுக்கும் நேர விகிதம் (டியூட்டி) கூடினால் ஸ்பூல் அட்வான்ஸ் பக்கம் நகரும், குறைந்தால் ஸ்பிரிங் அதை ரிட்டார்ட் பக்கம் தள்ளும், நடுவில் இருந்தால் இரு வழியும் அடைபடும். கேம் எங்கே நிற்கிறது என்பதைக் கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் ஒப்பிட்டு இசியு கண்டுகொள்கிறது.

எஞ்சினை நிறுத்தும்போது கேம் முழு ரிட்டார்டுக்குப் போகிறது. அங்கே ஒரு லாக் பின், கதவுத் தாழ்ப்பாள் போல, வேனைக் கூட்டோடு பூட்டிவிடும். ஸ்டார்ட் ஆன உடனே ஆயில் அழுத்தம் இல்லாத அந்த ஓரிரு விநாடிகளில் வேன் கூட்டில் மோதிச் சத்தம் போடாமல் இருக்கத்தான் அது. அழுத்தம் ஏறியதும் ஆயிலே பின்னைத் தள்ளிப் பூட்டைத் திறந்துவிடும்.

ஆயில் வரும் வழியையும் மனதில் நிறுத்த வேண்டும்: பம்ப், ஆயில் ஃபில்டர், சிலிண்டர் ஹெட், அங்கே ஒரு பிளக்குக்குப் பின்னால் விரல் நுனி அளவில் உள்ள சல்லடை ஃபில்டர், கன்ட்ரோல் வால்வு, கேம் தாங்கியில் அமர்ந்து சுழலும் பகுதியான கேம் ஜர்னலின் துளைகள், கடைசியாக வேன் அறை. இத்தனையும் தாண்டி வரும் ஆயில்தான் இங்கே கேமைத் திருப்பும் கை. டொயோட்டாவின் 3.5 லிட்டர் வி6 எஞ்சின் 2ஜிஆர்-எஃப்ஈயின் ஆரம்ப வண்டிகளில் இந்த அமைப்புக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிக்குழாயின் நடுவே ஒரு ரப்பர் துண்டு இருந்தது. அது பிளந்து, ஆயில் வேகமாக வெளியே கொட்டிப்போன வண்டிகள் உண்டு. பின்னால் முழுக்க உலோகக் குழாயாக மாற்றினார்கள். கோண மாற்றத்துக்கான ஆயில் வழி எஞ்சினின் உயிர்நாடியிலிருந்தே பிரிகிறது என்பதை அந்தக் குறைபாடு நன்றாகக் காட்டியது.

பி0011 வந்தால் முதலில் யோசிக்க வேண்டியது

கேமை ரிட்டார்டுக்கு இழுக்கும் சக்தி எப்போதுமே இருக்கிறது. வால்வு ஸ்பிரிங்குகளை அழுத்தித் திருப்பும்போது வரும் எதிர்ப்பு கேமைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் கேம் தானாகவே ரிட்டார்டுக்குப் போகும். மின்சாரம் இல்லாவிட்டாலும் ஸ்பிரிங் ஸ்பூலை ரிட்டார்ட் பக்கம்தான் தள்ளும். ஆகவே வயர் அறுந்தால், காயில் எரிந்தால், பம்ப் பலவீனமானால் வருவது பி0010 (வால்வின் மின்சுற்றுக் கோளாறு) அல்லது பி0012 (கேம் பின்தங்கி நிற்கிறது). அந்த வண்டி ஐட்லிங்கில் ஒழுங்காக நிற்கும், கீழ் வேகத்தில் பிக்கப்பும் மைலேஜும் மட்டும் குறையும்.

பி0011 இதற்கு நேர் எதிர். கேம் இயல்புக்கு விரோதமாக அட்வான்ஸில் நிற்கிறது என்றால் யாரோ அதை அங்கே பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, ஸ்பூல் அட்வான்ஸ் பக்கம் திறந்தபடி இறுகி, அந்த அறைக்கு ஆயில் போய்க்கொண்டே இருக்கிறது. அல்லது ஸ்ப்ராக்கெட்டுக்குள் வேனே சிக்கிக்கொண்டிருக்கிறது. அல்லது டைமிங் மார்க் தவறாகப் பூட்டப்பட்டு, கோணக் கணக்கே பிசகியிருக்கிறது. செயின் நீண்டுபோவது இந்தப் பட்டியலில் கீழேதான் வரும். நீண்ட செயின் கேமைப் பின்தங்க வைக்கும், முன்னே தள்ளாது. அது பி0012, பி0016 (கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை) பக்கத்துச் சந்தேகம்.

இந்த ஒரு யோசனையே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

சோதனை வரிசை

முதல் வேலை டிப் ஸ்டிக். ஆயில் அளவு, நிறம், விரலில் தேய்த்தால் நறநறப்பு, ஆயில் மூடிக்கு அடியில் கறுப்புப் படிவு. இந்த எஞ்சின் ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும் மிச்சம் உள்ள ஆயில் அதிகமாக உழைத்துச் சீக்கிரம் கெடும். ஆயில் மாற்றும் தேதியை நீட்டிக்கொண்டே போனது தெரிந்தால் காரணத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிட்டது.

குறியீட்டை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தை எழுதி வைக்க வேண்டும். கோடு விழுந்தபோது எஞ்சின் வெப்பம் என்ன, ஆர்பிஎம் என்ன என்பது அதில் இருக்கும். ஆயிலில் மிதந்த ஒரு துணுக்கு ஸ்பூலில் சிக்கி, சற்று நேரத்தில் தானே விடுபட்டு ஆயில் ஃபில்டரில் போய்ச் சேர்ந்தாலும் கோடு மட்டும் பதிவாகி நிற்கும். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகளே இதைக் குறிப்பிடுகின்றன. கோடு இருக்கிறது, கோளாறு இப்போது இல்லை என்ற வண்டிக்குப் புதிய வால்வு போடுவது வீண் செலவு.

அடுத்து லைவ் டேட்டா, அதாவது எஞ்சின் ஓடும்போது ஸ்கேனரில் தெரியும் அளவுகள். இலக்குக் கோணம், உண்மைக் கோணம், வால்வு டியூட்டி ஆகிய மூன்றையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். டொயோட்டா டேட்டாவில் இலக்கு சதவீதத்திலும் உண்மைக் கோணம் டிகிரியிலும் வரும். இரண்டையும் ஒரே அலகென்று எண்ணி ஒப்பிட்டு, பிசகு இருக்கிறதென்று முடிவு கட்டுபவர்கள் பலர். எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள், இலக்கு பூஜ்யமானதும் உண்மைக் கோணமும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். டியூட்டி கீழே விழுந்த பிறகும் கோணம் மேலேயே நின்றால் இசியு சரியாகத்தான் கட்டளையிடுகிறது, கேம் கேட்கவில்லை.

நடுக்கம் இருக்கும் நேரத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை மிகவும் பயனுள்ளது. எஞ்சின் ஐட்லிங்கில் தடுமாறும்போது கன்ட்ரோல் வால்வின் கனெக்டரைக் கழற்றுங்கள். உடனே சீரானால் ஸ்பூல் நகர்கிறது, கட்டளைதான் தவறு. சென்சார், வயரிங் பக்கம் தேட வேண்டும். கழற்றியும் தடுமாற்றம் நிற்கவில்லை என்றால் ஸ்பூலோ வேனோ இறுகியிருக்கிறது, அல்லது டைமிங் மார்க் பிசகியிருக்கிறது. கனெக்டர் கழன்றதற்கான புதுக் கோடு விழும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனரிலிருந்தே பாகங்களை இயக்கிப் பார்க்கும் ஆக்டிவ் டெஸ்டில் ஐட்லிங்கில் வால்வை ஆன் செய்தால் நல்ல எஞ்சின் நடுங்கும் அல்லது அணையும். ஆஃப் செய்தால் சீராகும். ஆன் செய்தபோது நடுங்கியதைப் பார்த்ததும் திருப்தியாகிவிடக் கூடாது. பி0011 வண்டியில் முக்கியம் ஆஃப் செய்த பின் அது எப்படித் திரும்புகிறது என்பது. இழுத்து இழுத்து மெதுவாகத் திரும்பினால் அழுக்கு தொடங்கிவிட்டது. எஞ்சின் குளிராக இருக்கும்போது செய்தால் இது ஒன்றும் சொல்லாது, நன்றாகச் சூடேற்றிச் செய்ய வேண்டும்.

கழற்றிப் பார்ப்பது

கன்ட்ரோல் வால்வை ஒரே போல்ட்தான் பிடித்திருக்கிறது. கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், துளைக்குள் விழுந்தால் அது நேராகக் கேமுக்குப் போகும். டெர்மினல்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். பேட்டரி மின்சாரத்தை ஒரு கணம் மட்டும் கொடுத்து எடுங்கள், நீண்ட நேரம் வைத்திருந்தால் காயில் சூடாகும். கொடுக்கும்போது ஸ்பூல் முழுதும் நகர வேண்டும், எடுத்ததும் தயங்காமல் முழுதும் திரும்ப வேண்டும். பி0011இல் பிடிபடுவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் பாதியில்தான். ரெசிஸ்டன்ஸ் சரியாக இருக்கிறது என்பதால் வால்வு நல்லது என்று விட்டுவிடக் கூடாது. காயில் நலமாக இருந்தும் ஸ்பூல் இறுகியிருக்கலாம்.

ஸ்பூலின் துவாரங்களில் என்ன சிக்கியிருக்கிறது என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான கறுப்பு அரக்கு போன்ற படிவு என்றால் ஆயில் பழையதாகி வெந்தது. மென்மையான, ரப்பர் போல இழுபடும் நூல் என்றால் அது சிலிகான் சீலன்ட். டைமிங் கவரையோ ஆயில் பேனையோ யாரோ முன்பு கழற்றி, தாராளமாகப் பேஸ்ட் தடவி மூடியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து சுற்றுகிறது. அந்த வண்டியில் வால்வை மட்டும் மாற்றினால் அடுத்த துணுக்கு வரும்வரைதான் நிம்மதி. உலோகத் துகள் தெரிந்தால் விஷயம் இந்த அமைப்போடு நிற்காது, பேரிங் வரை பார்க்க வேண்டும்.

சல்லடை ஃபில்டரை மறக்காதீர்கள். பலரும் அது இருப்பதையே அறியாமல் வால்வை மட்டும் சுத்தம் செய்கிறார்கள். அடைபட்ட சல்லடை ஆயிலைக் குறைக்கும், அதனால் கேம் இரு பக்கமும் மந்தமாக நகரும். கிழிந்த சல்லடை அதைவிட மோசம். அழுக்கு தடையின்றி ஸ்பூலுக்குப் போகும். கிழிசல் இருந்தால் புதிது போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வால்வும் சல்லடையும் சுத்தமாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால்தான் கேமைக் கழற்றும் வேலை. கேம் ஜர்னலில் உள்ள ஆயில் துளைகளை டேப்பால் மூடி, அட்வான்ஸ் பக்கம் ஒன்று, ரிட்டார்ட் பக்கம் ஒன்று மட்டும் துளையிட்டு, இரண்டிலும் சுமார் 150 கிலோபாஸ்கல் காற்று கொடுக்க வேண்டும். ரிட்டார்ட் பக்கக் காற்றை மெதுவாகக் குறைத்தால் லாக் பின் விடுபட்டு ஸ்ப்ராக்கெட் அட்வான்ஸ் பக்கம் திரும்பும். காற்றை எடுத்துவிட்டுக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் எங்கும் பிடிக்காமல் வழுக்க வேண்டும், முழு ரிட்டார்டில் மட்டும் பூட்டிக்கொள்ள வேண்டும். துளையிலிருந்து ஆயில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு துணியால் மூடிச் செய்வது நல்லது. நடுவில் எங்காவது இறுகினால் ஸ்ப்ராக்கெட் அசெம்பிளி முழுதாக மாற வேண்டும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டுவதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது. உள் இடைவெளிகள் அவ்வளவு நுண்ணியவை.

பூட்டுவதும் உறுதி செய்வதும்

சுத்தம் செய்த வால்வின் ஸ்பூல் தடையின்றி நகர்ந்தால் அதையே திரும்பப் போடலாம். ஓ-ரிங் மட்டும் புதிதாக இருக்கட்டும், அதில் ஆயில் தடவி நேராக உள்ளே தள்ளுங்கள். சீலன்ட் ஒரு சொட்டுகூட வேண்டாம். போல்ட்டின் இறுக்கம் 7.5 நியூட்டன் மீட்டர்தான், சிறிய ஸ்பானரில் மணிக்கட்டு அழுத்தம் போதும். அலுமினியத்தில் உள்ள போல்ட் மரையைக் கெடுத்துவிட்டால் சிறிய வேலை பெரிதாகிவிடும்.

பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 5டபிள்யூ-30 ஊற்றலாம். படிவு அதிகமாக இருந்த எஞ்சினுக்கு வேகமாகக் கரைக்கும் ஃபிளஷ் ஊற்றும் பழக்கம் ஆபத்தானது. ஒரேயடியாகக் கழன்ற அழுக்கு ஆயில் பேனின் உறிஞ்சு வலையை அடைத்தால் எஞ்சினுக்கே ஆயில் போகாது. சாதாரண நல்ல ஆயிலில் 1000 கிலோமீட்டர் போல ஓட்டி, மறுபடி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பான வழி. இரண்டாம் முறை வடியும் ஆயிலின் நிறம் எவ்வளவு அழுக்கு உள்ளே இருந்தது என்பதைக் காட்டும்.

குறியீட்டை அழித்து, எஞ்சினைச் சூடேற்றி, ஆக்டிவ் டெஸ்டைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு லைவ் டேட்டாவை வைத்தபடி ஓட்டி, மிதமான வேகத்தில் கோணம் ஏறுவதையும், காலை எடுத்துப் பிரேக் பிடித்து நிற்கும்போது பூஜ்யத்துக்கு வருவதையும் பல முறை பாருங்கள். புகார் வந்த அதே நிலைமையில், சூடான எஞ்சினோடு நிறுத்தத்துக்கு வந்து பார்த்த பிறகுதான் வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

ஐட்லிங் சரியான பின்னும் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு விநாடி மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் அது தனிக் கோளாறு. லாக் பின்னோ அதன் துளையோ தேய்ந்து வேன் பூட்டப்படாமல் கூட்டில் மோதுகிறது என்று சந்தேகிக்கலாம், அல்லது செயின் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் டைமிங் கவரைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால் ஸ்ப்ராக்கெட்டை மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடு மூன்றின் தேய்மானத்தையும் அதே நேரத்தில் அளந்துவிடுவது கூலியை மிச்சப்படுத்தும். கவரைத் திரும்பப் பூட்டும்போது சீலன்ட் மெல்லிய ஒரே கோடாக இருக்கட்டும், உள்பக்கம் பிதுங்காமல்.